பவர் ஸ்டீயரிங் முனகுகிறதா? பம்ப்பை மாற்றும் முன் இதைக் கவனியுங்கள்!

ஆயில் ஒழுகுகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, பவர் ஸ்டீயரிங் ஹோஸை மாற்றி, பில்லும் கட்டியாச்சு. வெளியே எடுத்து முதல் வளைவில் திருப்பினால், ‘ஙொய்ங்ங்...’ என்று ஒரு முனகல்! திரும்பப் போய்க் கேட்டால், “பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். ரிப்பேருக்கு முன் இல்லாத சத்தம் ரிப்பேர் முடிந்ததும் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான்.

காற்று எப்படிப் புகுந்தது?

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில், இன்ஜின் பெல்ட்டால் சுழலும் பம்ப்தான் ஆயிலை அழுத்தத்தோடு ஸ்டீயரிங் ரேக்குக்கு அனுப்புகிறது. ஹோஸைக் கழற்றினால் ஆயில் வெளியேறி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். காற்றுக் குமிழ்கள் பம்ப்புக்குள் போகும்போதுதான் இந்த முனகல். இன்ஜினை நிறுத்திவிட்டு ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்தோ, பால்போல வெளுத்தோ இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது.

வெளியேற்றுவது எப்படி?

* முன் சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும்.
* இன்ஜினை ஆன் செய்யாமல், ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக 15 - 20 முறை திருப்ப வேண்டும். குமிழ்கள் மேலே வரும்; ஆயில் அளவு குறையக் குறைய ஊற்ற வேண்டும்.
* பிறகு இன்ஜினை ஆன் செய்து, ஐடிலில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது.

அப்படியும் சத்தம் வந்தால்?

டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் லூஸாக இருக்கலாம். ஒரு சொட்டுகூட ஒழுகாமலே அது காற்றை உறிஞ்சும். ‘கீச்’ என்ற சத்தமாக இருந்தால், பெல்ட் டென்ஷனைப் பாருங்கள். ஊற்றிய ஆயில், கார் மேனுவலில் சொன்ன ரகம்தானா என்றும் கேளுங்கள். தவறிக்கூட பிரேக் ஆயில் ஊற்றக் கூடாது. ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

சத்தத்தோடே ஓட்டிப் பழகிவிடுவதும் ஆபத்து. காற்று கலந்த ஆயில் பம்ப்புக்கு வழவழப்பு தராது. நன்றாக இருந்த பம்ப்பும் தேய்ந்து, இரும்புத் துகள்கள் ரேக் வரை போகும். அப்போது செலவு இரட்டிப்பாகும்.

ஒரு விஷயம்: எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் கொண்ட பெரும்பாலான கார்களில் இந்த ஆயிலே கிடையாது. உங்கள் காரில் எது இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்!