மே தின லீவில் தேர்தல் வேலைக்குப் போகலாமா? கேமரன் மலை சொல்லித் தரும் பாடம்

597. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2018 பொதுத் தேர்தலின் வெற்றி தோல்வியை முடிவு செய்த வாக்குகள் இவ்வளவுதான். அதற்கு முன்பு 2013-ல் வித்தியாசம் இன்னும் குறைவு, 462 வாக்குகள்.

இந்த இரண்டு தேர்தலுக்கும் வேறொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டிலும் தொழிலாளர் தினம் பிரச்சாரத்துக்கு நடுவில் வந்தது. 2013-ல் வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 20, வாக்களிப்பு மே 5. 2018-ல் வேட்புமனு ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9.

கம்போங் ராஜா பக்கம் தேயிலைத் தோட்டத்திலோ காய்கறித் தோட்டத்திலோ வேலை செய்யும் குடும்பங்கள் வார நாளில் பகல் முழுக்க வீட்டில் இருப்பது அபூர்வம். மே 1 அப்படி ஒரு நாள். ஒரு வேட்பாளரின் குழு வீடு வீடாகப் போக நினைத்தால் இதைவிட நல்ல நாள் கிடைக்காது. அதனால்தான் "ஒரு நாள் வந்து உதவி பண்றியா?" என்ற வாட்ஸ்அப் தகவல் உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு இந்த நேரத்தில் வருகிறது. போகலாமா? போனால் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உள்ளூர்த் தேர்தல்னா எது?

மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல் இப்போது கிடையாது. 1965-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1976 ஊராட்சி மன்றச் சட்டத்தோடு அது முடிவுக்கு வந்தது. குப்பை, கடை லைசென்ஸ், தெருவிளக்கு எல்லாம் பார்க்கும் கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் உறுப்பினர்கள் நியமனம் செய்யப்படுபவர்கள். ஆகவே கம்போங் ராஜாவில் இருப்பவர் போடக்கூடிய வாக்கு இரண்டே: தானா ராத்தா சட்டமன்றத்துக்கு ஒன்று, கேமரன் மலை நாடாளுமன்றத்துக்கு ஒன்று. உள்ளூர்ப் பிரச்சாரம் என்றால் இந்த இரண்டு தொகுதிகளின் வேலைதான்.

மே தினத்துக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மலேசியாவில் மே 1 பொது விடுமுறையானது 1972-ல். இன்று சட்டப்படி முதலாளி கட்டாயம் கொடுக்க வேண்டிய 5 பொது விடுமுறைகளில் அதுவும் ஒன்று. அன்று வேலைக்குக் கூப்பிட்டால், விடுமுறைச் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும் என்கிறது 1955 வேலைவாய்ப்புச் சட்டம்.

சம்பள அறிவிப்புகளும் இந்தத் தேதியை ஒட்டியே வந்திருக்கின்றன. நாட்டின் முதல் குறைந்தபட்சச் சம்பளம், தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட், 2012 ஏப்ரல் 30 அன்று அறிவிக்கப்பட்டது. 1,500 ரிங்கிட் 2022 மே 1 அன்று நடப்புக்கு வந்தது. கொழுந்து எடுக்கும் ஒருவருக்கு வாக்குச்சீட்டும் சம்பளச் சீட்டும் வேறு வேறு விஷயமல்ல என்பதை எல்லாக் கட்சிகளும் அறியும்.

யாரெல்லாம் போகலாம்?

வாக்களிக்கும் வயது இப்போது 18. 2021 டிசம்பர் 15 முதல் பெயர்ப் பதிவும் தானாகவே நடக்கிறது. ஆனால் அடையாளக் கார்டில் இருக்கும் முகவரிதான் உங்கள் தொகுதியை முடிவு செய்கிறது. ஈப்போவில் படித்தாலும், கோலாலம்பூரில் வேலை செய்தாலும், கார்டில் கம்போங் ராஜா இருந்தால் உங்கள் ஓட்டு மலையில்தான்.

பல்கலைக்கழக மாணவரா? கட்சியில் சேர 2012 சட்டத் திருத்தமே வழி திறந்தது. வளாகத்துக்குள் இருந்த அரசியல் தடை 2018 டிசம்பர் திருத்தத்தில் நீங்கியது. ஆனால் அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு. உயர் பதவியில் இருப்பவர்கள் கட்சி அரசியலில் இறங்க முடியாது. வீட்டில் யாராவது ஆசிரியர், அதிகாரி என்றால், அவரையும் கூட்டிக்கொண்டு போகும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

போனால் என்ன வேலை?

பெரும்பாலும் மேடை வேலை இல்லை. கொடி கட்டுவது, துண்டறிக்கை கொடுப்பது, செராமாவுக்கு நாற்காலி அடுக்குவது, வயதானவர்களுக்கு வாக்களிப்பு மையமும் வழித்தடமும் எதுவென்று கைப்பேசியில் பார்த்துச் சொல்வது. தமிழ், மலாய் இரண்டும் சரளமாகப் பேசத் தெரிந்தவருக்கு இங்கே நல்ல மதிப்பு.

அதைவிடப் பெரிய பொறுப்பு வாக்களிப்பு நாளில் வருகிறது. வேட்பாளரின் முகவராக மையத்துக்குள் உட்காருபவர் முதலில் இரகசியக் காப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் அந்த வழித்தடத்தின் முடிவு பாரம் 14-ல் எழுதப்படும். எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வாங்கி வருவது எண்ணிக்கை முகவரின் வேலை. 597 வித்தியாசத்தில் முடிவாகும் தொகுதியில், கவனமாக உட்கார்ந்திருக்கும் ஒரு முகவர் நூறு கொடிகளைவிட முக்கியம்.

கோடு எங்கே?

இதற்குக் கேமரன் மலையே உதாரணம். 2018-ல் தேசிய முன்னணி சார்பில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் வென்றார். ஜ.செ.க.வின் எம். மனோகரன் வழக்குப் போட்டார். ஒராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது நிரூபணமானதாகக் கூறி, 2018 நவம்பர் 30 அன்று தேர்தல் நீதிமன்றம் முடிவை ரத்து செய்தது.

பொங்கலும் தைப்பூசமும் பிரச்சாரத்தோடு சேர்ந்து வர, 2019 ஜனவரி 26-ல் இடைத்தேர்தல் நடந்தது. தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 3,238 வாக்குகள் பெரும்பான்மையில் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி ஆனார். 2004 முதல் நான்கு பொதுத் தேர்தல்களில் ம.இ.கா. வேட்பாளர்களே வென்ற தொகுதி அது.

இதில் தொண்டர் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. 1954 தேர்தல் குற்றச் சட்டத்தின் 32-வது பிரிவுப்படி, வேட்பாளர் தன் கையால் பணம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய முகவர் செய்தாலும் வெற்றி செல்லாமல் போகலாம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளியே. "இந்தக் கவரை அந்த லயத்தில் கொடுத்துட்டு வா" என்று யாராவது சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பணமாக இருந்தால் தொடாதீர்கள். தெரிந்த அண்ணன் சொன்னார் என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது.

இன்னும் சில:

• பிரச்சாரம் வாக்களிப்பு நாளுக்கு முந்தைய நள்ளிரவோடு முடிகிறது. அன்று கட்சிச் சின்னமுள்ள சட்டை போடக்கூடாது. மையத்திலிருந்து 50 மீட்டருக்குள் கூட்டம் கூடி நிற்கக்கூடாது.

• வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர், கார்டு எண் எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

• தோட்டம் தனியார் இடம். நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

"வீடு தோட்டத்து வீடு, பயமா இருக்கு"

பல அம்மாக்கள் சொல்வது இதைத்தான். வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும்போது அந்தப் பயம் நியாயமானது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஒருவரை மிரட்டி இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பது குற்றம். அதை யார் செய்தாலும் குற்றம்தான். வாக்களிப்பு நாளில் போய் ஓட்டுப் போட்டு வரத் தேவையான நேரத்தைச் சம்பளம் பிடிக்காமல் கொடுப்பது முதலாளியின் கடமை. ஓட்டு இரகசியம் என்பதை ஒரு வீட்டில் புரியவைத்து விட்டு வந்தாலே, அன்றைய உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

ஓட்டுப் போடும் இந்தியர்கள் இந்தத் தொகுதியில் எத்தனை பேர்? 2019-ல் சுமார் 32,000 வாக்காளர்களில் ஏறக்குறைய 15 சதவீதம். 597-ஐப்போல பல மடங்கு. அடுத்த பிரச்சாரம் மே மாதத்தில் வந்தாலும் வராவிட்டாலும், எந்தக் கட்சிக்குப் போவது என்பது உங்கள் முடிவு. போவதற்கு முன் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் இன்றைக்கே பாருங்கள். வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.