தலைப்புக்கு ஒரு பத்தி, செய்திக்கு மூன்று பத்தி

மாணவர்களே, ஏதாவது ஒரு நாளிதழின் முதல் பக்கத்தை விரித்துப் பாருங்கள். பெரிய தலைப்பு இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஓடும். அதன் கீழே செய்தி மூன்று நான்கு குறுகிய வரிசைகளாகப் பிரிந்து இறங்கும். நடுவில் ஒரு படம் இரண்டு வரிசைகளை மறித்துக்கொண்டு நிற்கும். ஒரே தாளில் சில இடம் அகலம், சில இடம் ஒடுக்கம். ஏன் இப்படி?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேலிருந்து கீழே இறங்கும் இந்த வரிசைக்குத் தமிழில் 'பத்தி' என்று பெயர். கட்டுரை எழுதும்போது ஆசிரியர் சொல்லும் பத்தியும் இதே சொல்தான். நாளிதழ்க்காரர்கள் 'காலம்' என்பார்கள். அதற்கோ நேரம் என்று வேறு பொருள் இருக்கிறது! இங்கே பத்தி என்றால் நெட்டு வரிசை. கட்டுரைப் பத்தியைப் 'பாரா' என்று அழைத்துக்கொள்வோம்.

படிக்கும்போது நம் கண் வரியின் மீது வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நின்று, சில எழுத்துகளை வாங்கிக்கொண்டு, அடுத்த இடத்துக்குத் தாவும். வரி முடிந்ததும் ஒரே பாய்ச்சலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் பாய்ச்சல்தான் ஆபத்தானது. வரி மிக நீளமாக இருந்தால் கண் தவறான வரியில் போய் இறங்கும்; படித்ததையே மறுபடியும் படிப்போம். வரி மிகக் குறுகினாலோ நொடிக்கொருமுறை திரும்ப வேண்டியிருக்கும். ஆங்கிலப் புத்தகங்களை வடிவமைப்பவர்கள் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை என்றும், பல பத்திகள் உள்ள பக்கத்தில் 40 முதல் 50 வரை என்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்கம் பெரிது, எழுத்து சிறிது என்றால் பக்கத்தைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1455-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளே இரண்டு பத்திகளில்தான் இருக்கிறது. பெரும்பாலான பக்கங்களில் பத்திக்கு 42 வரி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் இரு பத்திதான். அகராதிப் பதிவு சின்னது. ஒரே பத்தியில் போட்டால் பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும்.

அப்படியானால் பக்கம் முழுவதையும் பத்திகளாகவே பிரித்துவிடலாமே என்று கேட்பீர்கள். தலைப்பு, அகலமான அட்டவணை, நீளமான கணிதச் சமன்பாடு, வரைபடம் இவையெல்லாம் ஒடுக்கமான இடத்தில் அடங்காது. அதனால்தான் அறிவியல் ஆய்விதழ்கள் பலவற்றில் தலைப்பும் சுருக்கவுரையும் முழு அகலத்தில் இருக்கும், அதன்பின் கட்டுரை இரு பத்தியாகப் பிரியும், வழியில் பெரிய அட்டவணை வந்தால் மறுபடி அகலம் விரியும்.

ஈய எழுத்துக் காலத்தில் இப்படிக் கலப்பது அவ்வளவு பெரிய புதிராக இருந்ததில்லை. கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் தொடக்க ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அந்நாளில் அச்சுக்கோப்பவர் கையில் ஒரு சிறிய உலோகத் தட்டு இருக்கும். அதன் அகலம்தான் பத்தியின் அகலம். எழுத்தெழுத்தாகப் பொறுக்கி அதில் வரிகளை அடுக்குவார். தலைப்பு தனித் துண்டு, படம் தனித் துண்டு, ஒவ்வொரு செய்தியும் தனித் துண்டு. கடைசியில் எல்லாவற்றையும் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து இறுக்குவார்கள். இடம் போதவில்லையா, ஒரு பாராவை எடுத்துவிடு. இடம் மிஞ்சியதா, ஒரு சின்னச் செய்தியைச் செருகு. வேலை கடினம்தான், ஆனால் பக்கம் முழுதும் மனிதக் கண்முன் இருந்தது.

கணினிக்கு அந்த வசதி இல்லை. அது எழுத்தைத் தண்ணீர் போல ஊற்றுகிறது. ஊற்றுவதற்கு முன்பே வரியின் அகலம் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் அகலத்தைப் பொறுத்துத்தான் ஒவ்வொரு வரியும் எங்கே முறிய வேண்டும் என்று கணக்கிட முடியும். 16 சென்டிமீட்டர் அகலத்துக்கு முறித்த வரிகளை 7.5 சென்டிமீட்டர் பத்திக்குள் அப்படியே நகர்த்த முடியாது. பாரா முழுவதையும் புதிதாக முறிக்க வேண்டும். 1980-களில் பரவிய லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இரு பத்திக்கான கட்டளை கொடுத்தால் உடனே புதிய பக்கம் தொடங்கிவிடும். பக்கத்தின் பாதியில் அகலம் மாறுவது அதற்குப் பிடிக்காது. பக்க நடுவிலேயே மாற்றிக்கொள்ள உதவும் 'மல்டிகால்' என்ற துணைத்தொகுப்பை ஃபிராங்க் மிட்டல்பாக் என்பவர் பிறகு எழுதினார். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

அதில் ஓர் அழகான கணக்கு உண்டு. இரு பத்திப் பகுதி முடிந்து மறுபடி ஒற்றைப் பத்தி வர வேண்டும் என்று வையுங்கள். இடப்பத்தி நீண்டும் வலப்பத்தி பாதியிலும் நின்றால் கீழே பெரிய பள்ளம் விழும். இரண்டும் ஒரே உயரத்தில் முடிய வேண்டும். மொத்தம் 60 வரி என்றால் 30, 30 என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் 30-ஆவது வரி ஒரு துணைத்தலைப்பாக இருந்தால்? தலைப்பைப் பத்தியின் அடியில் தனியே விடக்கூடாது. அது வலப்பக்கம் போக வேண்டும். அப்போது இடம் 29, வலம் 31. பத்தியின் உயரமோ 30 வரி. ஒரு வரி வெளியே நிற்கிறது. ஆகவே கணினி ஓர் உயரத்தை ஊகிக்கும், நிரப்பிப் பார்க்கும், மிச்சம் வலப்பத்தியில் அடங்காவிட்டால் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி நிரப்பும். அடங்கும்வரை இதே வேலை. சட்டை தைக்க அளவெடுத்து, போட்டுப் பார்த்து, பிரித்துத் தைப்பது போல.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளும். 'பல்கலைக்கழகங்களிலிருந்து' என்பதை எண்ணிப் பாருங்கள்: 15 எழுத்து. மலாயிலும் ஆங்கிலத்திலும் இதைச் சொல்ல முன்னால் ஒரு சிறு சொல் தனியாக நிற்கும்; வரி அங்கே முறியலாம். தமிழில் இடைவெளியே இல்லை. இப்போது 20 எழுத்து மட்டுமே கொள்ளும் பத்தியில் 'நான்கு மாணவர்கள்' என்று எழுதியாயிற்று, அடுத்து இந்தச் சொல் வருகிறது. இடைவெளியையும் சேர்த்து 10 இடம் போயிற்று. மிச்சம் 10. சொல் அடங்காது; அடுத்த வரிக்குப் போய்விடும். இருபுறமும் ஓரம் நேராக இருக்க வேண்டுமென்று நீங்கள் கேட்டிருந்தால், மிஞ்சிய 10 இடமும் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் போய் நிற்கும். நாளிதழ்களில் 'நான்கு' ஒரு கரையிலும் 'மாணவர்கள்' மறு கரையிலும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே 10 இடம், ஆறு சொற்கள் உள்ள அகலமான வரியில் ஐந்து இடைவெளிகளுக்கு இரண்டிரண்டாகப் பங்காகும், கண்ணுக்கே தெரியாது.

சொல்லை முறித்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். முறிக்கலாம், ஆனால் கண்ட இடத்தில் முடியாது. 'பல்கலைக்' என்று நிறுத்தி 'கழகங்களிலிருந்து' என்று அடுத்த வரியைத் தொடங்கலாம். 'பல்கலை' என்று நிறுத்தினால் அடுத்த வரி புள்ளி வைத்த 'க்' என்ற மெய்யில் தொடங்கும். நாக்கும் தடுக்கும், கண்ணும் தடுக்கும். இன்னொன்று: 'லி' நமக்கு ஓரெழுத்து, கணினிக்கோ 'ல' ஒரு குறியீடு, கொக்கி இன்னொரு குறியீடு. தமிழ் தெரியாத மென்பொருள் இரண்டுக்கும் நடுவே வெட்டினால் அடுத்த வரித் தொடக்கத்தில் கொக்கி மட்டும் புள்ளிவட்டத்தோடு தொங்கும். ஆகவே ஆங்கில நாளிதழைப் பார்த்து அதே அளவுக்கு ஒடுக்கமாகத் தமிழ்ப் பத்தி அமைப்பது என் கணக்கில் தவறு. தமிழுக்குப் பத்தி சற்றே அகலமாக வேண்டும், அல்லது வலது ஓரத்தைச் சீரற்றதாக விட்டுவிட வேண்டும்.

பெர்மாஸ் ஜெயாவில் உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகம் ஒரு மலர் போடுகிறது, வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளில் இரண்டு பத்திக்கு மேல் போகாதீர்கள். தலைப்பையும் எழுதியவர் பெயரையும் ஒற்றைப் பத்தியில் விட்டு, கட்டுரையை மட்டும் தேர்ந்தெடுத்து, வேர்டில் 'லேஅவுட்' பகுதியில் 'காலம்ஸ்' என்பதில் இரண்டைச் சொடுக்குங்கள். முன்னும் பின்னும் 'கண்டினியூவஸ்' என்ற பிரிவு முறிப்பை அதுவே போட்டுக்கொள்ளும். கோப்பு முழுவதும் இரு பத்தியாக இருந்து, கடைசிப் பக்கத்தில் இடப்பத்தி மட்டும் நிரம்பி நின்றால், கட்டுரையின் முடிவில் அதே முறிப்பை நீங்களே ஒன்று செருகுங்கள், இரண்டும் சமமாகிவிடும்.

படத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. இரு பத்திக்கும் குறுக்கே பக்க நடுவில் படம் வைத்தால், இடப்பத்தியில் படத்தைத் தொட்டவர் அதைத் தாண்டிக் கீழே இறங்குவதா, வலப்பக்கம் மேலே ஏறுவதா என்று திகைப்பார். முழு அகலப் படம் பக்கத்தின் உச்சியிலோ அடியிலோ இருந்தால் இந்தத் திகைப்பே இல்லை.

இதே திகைப்பு இயந்திரத்துக்கும் வரும். இரு பத்தி பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பாராவை நகலெடுத்து ஒட்டும்போது, இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் மாறி மாறிக் கலந்து வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? பிடிஎஃப் அடிப்படையில் எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் என்பதைத்தான் குறித்து வைக்கிறது; எது எந்தப் பத்தி என்பதைத் தனியே குறித்திருந்தால்தான் அது தெரியும். பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பானில் உங்கள் மலரைக் கேட்டால் அந்தக் கலவையே அவர் காதில் விழக்கூடும். மலரைப் பிடிஎஃப் ஆக்கியதும் முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டிப் படித்துப் பாருங்கள். வரிகள் ஒழுங்காக வந்தால் அச்சுக்கு அனுப்பலாம். வராவிட்டால் ஒற்றைப் பத்தியில் இன்னொரு பிரதி செய்து, இணையத்தில் அதைப் போடுங்கள்.