மதுவை நிறுத்திய பின் உறுதியாக இருத்தல்: நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும்

சிகிச்சை முடித்து வீடு திரும்புவது மீட்பின் முதற்கட்டமே ஆகும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் வாழும் ஒருவர், தாம் முன்பு குடித்த அதே தெருவிற்கும் அதே தொழிலுக்கும்தான் திரும்புகிறார். மதுச் சார்பு, மூளையின் செயல்பாட்டை மாற்றும் ஒரு நோய், ஒழுக்கக்குறைவு அன்று. எனவே, குடிக்கும் விருப்பம் மீண்டும் எழுவது இயல்பு. அதற்கு முன்னரே ஆயத்தமாக இருப்பது அவசியம்.

தாமாகவே திடீரென நிறுத்தலாமா?

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தோன்றலாம். முதல் 2 நாள்களில் வலிப்பும், அதனையடுத்து மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் ஏற்படலாம். இவை உயிருக்கு ஆபத்தானவை. "படகேறிக் கடலுக்குச் சென்றால் குடி தானாக நின்றுவிடும்" என எண்ணாதீர்கள். நடுக்கடலில் வலிப்பு வந்தால் உடனடி மருத்துவ உதவி கிட்டாது. மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்துங்கள். கரையில் இவ்வறிகுறிகள் தோன்றினால் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய காலங்கள்

• மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருமானம் குறையும், பொழுது நீளும். வலை சீரமைத்தல், படகு பழுதுபார்த்தல், மருத்துவமனைக்குச் செல்லும் நாள் ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.
• பங்குப்பணம் அல்லது கூலி பெறும் நாள்: வீட்டார் ஒருவர் உடன் வரட்டும்; அல்லது தொகையை வங்கிக் கணக்கில் பெறுங்கள்.
• இரவுப்பணி முடியும் காலை: உடல்வலிக்கு மது மருந்தன்று; அது உறக்கத்தையும் கெடுக்கும். வலி நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள்.
• திருமண வீடும் துக்க வீடும்: மது அருந்தாத ஒருவருடன் செல்லுங்கள், விரைவில் திரும்புங்கள்.

விருப்பம் எழும்போது

குடிக்கும் வேட்கை அலை போன்றது. பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணிந்துவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது உங்களை வாட்டுகிறது எனப் பாருங்கள். உணவு உண்ணுங்கள், அவ்விடத்தை விட்டு அகலுங்கள், நம்பிக்கைக்குரிய ஒருவரை அழையுங்கள்.

ஒருமுறை தவறினால்

ஒருமுறை குடித்ததால் இதுவரை பெற்ற பயன் அனைத்தும் அழிந்துவிடாது. "எல்லாம் போயிற்று" என்னும் எண்ணமே தொடர்ந்து குடிக்கத் தூண்டும். அதனை மறைக்காமல், இயன்றவரை விரைவில் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நீண்ட நாள் நிறுத்திய உடல், பழைய அளவைத் தாங்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

குடியை நிறுத்தும் மருந்தெனக் கூறி விற்கப்படும் எதனையும் உணவில் இரகசியமாகக் கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் மாத்திரை உட்கொண்டவர் மது அருந்தினால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்படும், உயிரிழப்பும் நேரலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரங்கள் வரை இவ்விளைவு நீடிக்கக்கூடும். நோயாளியின் முழுச் சம்மதத்துடனும் மருத்துவரின் பரிந்துரையுடனுமே இதனை வழங்க வேண்டும். பழைய தவறுகளைச் சுட்டிக்காட்டுவதைத் தவிர்த்து, குடிக்காத ஒவ்வொரு நாளையும் பாராட்டுங்கள். நீங்களும் ஆலோசனை பெறலாம்.

உதவி பெறும் இடங்கள்

வடசென்னையில் வசிப்போர் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தையோ அணுகலாம். தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் தொடங்கியுள்ளது. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ்) ஆகிய கட்டணமில்லா எண்களை அழைக்கலாம். இவ்வெண்களை இன்றே உங்கள் கைப்பேசியிலும் வீட்டார் ஒருவரின் கைப்பேசியிலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.