பிளேன் வந்துவிட்டது, அக்கா எங்கே?

மதுக்கரையில் ஒரு கல்யாண வீடு. வாசலில் வாழை மரம் கட்டியாகிவிட்டது. பந்தலில் ஜமக்காளம் விரித்து, மல்லிகைப்பூ வந்து இறங்கி, சமையல்கட்டிலிருந்து நெய் மணமும் வரத் தொடங்கிவிட்டது. அருமைக்காரர் தட்டிலிருக்கும் வெற்றிலையை இரண்டாம் முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "இணைச்சீருக்கு நேரமாச்சுங்க. மாப்பிள்ளையோட பொறந்தவளைக் கூப்பிடுங்க" என்கிறார்.

கூப்பிடலாம்தான். பிறந்தவள் இருந்தால் அல்லவா கூப்பிடுவது?

அமெரிக்காவிலிருந்து வருகிறாள் அக்கா. அவள் ஏறிய விமானம் காலை 4 மணிக்கே இந்திய மண்ணைத் தொட்டுவிட்டது. அந்தச் சேதியைப் போனில் பார்த்து, அப்பா தெரு முழுவதும் சொல்லி வைத்துவிட்டார். இப்போது மாலை 6 மணி. மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆத்தா, மகனைப் பார்த்துக் கேட்கிறாள்: "ஏஞ்சாமி, ஏரோப்பிளேன் வந்துருச்சுன்னு வெடியாலையே சொன்னியே, பொண்ணை இன்னும் காணமே?"

நேயர்களே, இது கற்பனை வீடு என்றே வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து போகாத தெரு இன்று கொங்கு நாட்டில் ஏது? ஆகவே, ஆத்தா கேட்ட கேள்விக்கு நாம் பதில் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும். பிளேன் வந்தது வேறு. பெண் வந்தது வேறு. இரண்டுக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது?

கடிகாரம் செய்யும் மோசம்

அக்கா இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியே வாங்கியிருந்தாள். அமெரிக்காவிலிருந்து இந்தியாவின் ஒரு பெரிய நகரம் வரை ஒன்று. அங்கிருந்து கோயமுத்தூருக்கு மற்றொன்று. முதல் விமானம் 4 மணிக்கு வரும், இரண்டாவது 6.15-க்குப் புறப்படும். நடுவில் இரண்டேகால் மணி நேரம்! காபி சாப்பிட்டு, முகம் கழுவி, பத்திரிகையும் படிக்கலாம் என்று தோன்றும்.

ஆனால் உள்நாட்டு விமானங்களில் பெட்டி வாங்கிக் கொள்வதைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே நிறுத்திவிடுவார்கள். அதாவது 5.15-க்குக் கவுண்டர் மூடிவிடும். இரண்டேகால் மணி நேரம் என்று அக்கா நினைத்தது உண்மையில் ஒன்றேகால் மணி நேரம்தான்.

அந்த ஒன்றேகால் மணியில் என்னென்ன ஆக வேண்டும், பாருங்கள். 4 மணிக்குச் சக்கரம் தரையைத் தொடுகிறது. விமானம் ஊர்ந்து வந்து நின்று, கதவு திறந்து, முன்னால் இருப்பவர்கள் எல்லாம் பை எடுத்து இறங்கி முடிக்க 4.25. பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் வரிசை. அதே நேரத்தில் இன்னும் இரண்டு பெரிய விமானங்கள் வந்திருந்தால் வரிசை திருவிழாக் கூட்டம்தான். அதைத் தாண்ட 5.05. சுற்றிச் சுற்றி வரும் பட்டையருகே நின்று, ஊரார் பெட்டிகளையெல்லாம் பார்த்து முடித்து, தன் பெட்டிகள் இரண்டும் கைக்கு வர 5.35. சுங்கத்தைத் தாண்டி, உள்நாட்டுக் கவுண்டரைத் தேடி ஓடி நிற்க 5.50.

விமானம் இன்னும் புறப்படவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால் நிற்பது கூடத் தெரிகிறது. பெட்டியைத்தான் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அடுத்த விமானத்தில் இடம் இல்லை, முகூர்த்த நாளாயிற்றே! மாலை விமானத்தில்தான் ஓர் இடம், அதுவும் புது விலைக்கு.

ஆகவே நேயர்களே, விமானம் இறங்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெட்டி உங்கள் கையைவிட்டு மறுபடியும் உள்நாட்டுக் கவுண்டருக்குப் போகும் நேரம் எதுவோ, அதுதான் நீங்கள் இந்தியா வந்து சேர்ந்த நேரம்.

பெட்டியின் கழுத்தில் கட்டிய சீட்டு

"பெட்டியில் கோயமுத்தூருக்கு என்று சீட்டு ஒட்டியிருக்கிறதே! அது தானாகப் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். கோவைக்கு உரிய சி.ஜே.பி. என்ற மூன்றெழுத்து அதில் இருக்கலாம். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இந்தியாவில் முதன்முதலாக இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையை முடிக்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியையும் அங்கேயே எடுத்துச் சுங்கம் தாண்டி, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். சில விமானங்களில் மட்டும் விலக்கு உண்டு. புறப்படும் ஊரில் பெட்டியைக் கொடுக்கும்போதே, "இதை நான் எந்த ஊரில் கையில் வாங்க வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேட்டு விடுங்கள். கேட்காமல் வந்தவரின் பெட்டி ஓர் ஊரிலும் அவர் ஓர் ஊரிலுமாக நிற்க நேரிடும்.

பெட்டியே இல்லாமல், கைப்பையோடு வருபவருக்குப் பாதிக் கவலை இல்லை. ஆனால் உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு அனுமதி பொதுவாக 7 கிலோ. கல்யாணத்துக்கு வருகிற அக்காவை 7 கிலோவோடு வரச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஒரே டிக்கெட்டின் மகிமை

இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆர். எண்ணில் வாங்கினால் கொஞ்சம் விலை கூடலாம். அந்தக் கூடுதல் பணம் எதற்கு? முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப் போனால், உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டு என்றால், இரண்டாவது கம்பெனியின் கணக்கில் நீங்கள் 'வராத பிரயாணி'. வானத்தில் எதிர்க் காற்று அடித்ததைப் பற்றி அவர்களுக்கு என்ன வந்தது?

எடை விஷயமும் உண்டு. அமெரிக்க டிக்கெட்டுகள் பலவற்றில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் கொண்டு வரலாம். தனியே வாங்கும் உள்நாட்டு டிக்கெட்டிலோ சாதாரணமாக 15 கிலோதான். 46-இல் 15 போனால் மீதி 31 கிலோவுக்குக் கவுண்டரில் நின்று பணம் கட்ட வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும். ஒரே டிக்கெட்டில் பெரும்பாலும் வெளிநாட்டுக் கணக்கே கடைசி ஊர் வரை செல்லும்.

ஒரே டிக்கெட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நடு ஊரில் காத்திருக்கப் பொறுமையில்லாமல், கம்பெனிக்குச் சொல்லாமல் டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். டிக்கெட்டின் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டால், மீதிப் பகுதிகளையும், திரும்பிப் போகும் பயணம் உட்பட, ரத்து செய்யும் வழக்கம் உண்டு.

எந்த வாசல் வழியாக வருவது?

கோவைக்காரர்களுக்கு முதல் யோசனை, நடு ஊர் இந்தியாவிலேயே இல்லாமல் பார்த்துக் கொள்வது. பீளமேடு விமான நிலையத்துக்குச் சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் நேரே விமானங்கள் உண்டு. 2024-ஆம் ஆண்டில் அபுதாபியும் சேர்ந்துகொண்டது. இவை தினந்தோறும் உண்டா, எந்த நேரம் என்பதை டிக்கெட் வாங்குமுன் சரிபார்த்துக் கொள்ளுங்கள். ஒரே டிக்கெட்டாக இப்படி வந்தால், பாஸ்போர்ட்டும் சுங்கமும் பீளமேட்டிலேயே முடிந்துவிடும். ஆனால் தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால், அந்த வெளிநாட்டில் இறங்கிப் பெட்டி எடுக்க அந்த நாட்டு விசாவே தேவைப்படலாம். ஜாக்கிரதை!

இந்தியாவில் மாறுவதானால், மீனம்பாக்கத்தில் வெளிநாட்டுக் கட்டடமும் உள்நாட்டுக் கட்டடமும் அடுத்தடுத்து இருப்பது சௌகரியம். ஹைதராபாதில் ஒரே கட்டடம். பெங்களூரில் 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாவது கட்டடத்துக்கு வருகின்றன. கோவை விமானம் எந்தக் கட்டடம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டில்லியிலும் பம்பாயிலும் கட்டடத்துக்குக் கட்டடம் பல கிலோமீட்டர். பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். டில்லிக்கு டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வருபவர்கள், விடியற்காலைப் பனிமூட்டத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நாட்கணக்கில் மூடிக் கிடந்ததை மறக்க முடியுமா?

எத்தனை மணி நேரம் விடலாம்? ஒரே டிக்கெட்டானால் 3 மணி நேரத்துக்குக் குறையாமல். தனித்தனி டிக்கெட்டானால் 6 மணி நேரம். தவறவே கூடாத காரியமானால், இரவு அங்கேயே தங்கி மறுநாள் விமானம்.

மதுக்கரைக்காரர்களுக்கு மட்டும்

படத்தைப் பாருங்கள். மதுக்கரை கோயமுத்தூருக்குத் தென்மேற்கே, பாலக்காட்டுச் சாலையில் இருக்கிறது. பீளமேடோ நகரத்துக்குக் கிழக்கே. பீளமேட்டில் இறங்கியவர், நகரத்தின் நடுவே புகுந்தோ, நீலாம்பூரிலிருந்து புறவழிச் சாலையில் சுற்றியோதான் மதுக்கரை வர வேண்டும். கொச்சியிலிருந்து காரில் வருபவருக்கோ, கோயமுத்தூருக்கு முன்னாலேயே மதுக்கரை வந்துவிடும்!

நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு, வாளையாறு, எட்டிமடை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். குதிரான் மலையில் முன்பு வண்டிகள் மணிக்கணக்கில் நின்றதுண்டு. 2021-இல் ஒன்றும் 2022-இல் மற்றொன்றுமாக இரண்டு சுரங்கப் பாதைகள் திறந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. மூன்று, மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி வைத்துக் கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து கொச்சி வரை ஒரே டிக்கெட். அப்புறம் வீட்டுக் கார். கார் உங்களை விட்டுவிட்டுப் போகாது. பெட்டியை நிறுத்துப் பார்க்காது. ஆனால் கொச்சியும் குறையில்லாத வாசல் அல்ல. 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தில் அந்த விமான நிலையம் 15-ஆம் தேதியிலிருந்து 29-ஆம் தேதி வரை மூடிக் கிடந்தது. மழைக்காலத்தில் ஆகாயத்தையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

விமானம் தவறினால் ரயில் இருக்கிறது என்பதும் நினைவிலிருக்கட்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோவைக்கு 2023-ஆம் ஆண்டு முதல் வந்தே பாரத் ரயில்கள் ஓடுகின்றன. சென்னையிலிருந்து ஆறு மணி நேரம்தான்.

சில்லறை விஷயங்கள்

தேதியைக் கவனியுங்கள். 15-ஆம் தேதி 00.30 மணி என்றால் 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போவது! அமெரிக்காவில் 10-ஆம் தேதி ஏறினால் இங்கே பெரும்பாலும் 11-ஆம் தேதி ராத்திரியோ 12-ஆம் தேதி விடியற்காலையோதான். இதில் ஒரு நாள் தவறி உள்நாட்டு டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

உள்நாட்டு டிக்கெட்டைக் காகிதத்தில் எடுத்து வையுங்கள். கட்டடத்துக்கு வெளியே வந்துவிட்டால், வாசற்காவலரிடம் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டினால்தான் மறுபடி உள்ளே விடுவார்கள். அந்த நேரம் பார்த்துப் போனில் இணைப்பு இருக்காது. அங்கே கிடைக்கும் இலவச வைஃபைக்கும் ரகசிய எண் வேண்டும். அது பல இடங்களில் இந்திய எண்ணுள்ள போனுக்குத்தான் வரும்!

இந்தியக் குடிமக்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும், முன்பதிவு செய்தால் பாஸ்போர்ட் வரிசையைத் தானியங்கிக் கதவு வழியாகத் தாண்டும் வசதி 2024-இல் டில்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை, பெங்களூர், கொச்சி முதலிய இடங்களுக்கும் வந்திருக்கிறது. கட்டணமில்லை. புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே விண்ணப்பித்து விடுங்கள்.

அவசரமாக வருபவர்களுக்கு

எல்லாப் பயணமும் கல்யாணத்துக்கு அல்ல. நடு ராத்திரியில் போன் மணி அடித்து, "அப்பா போயிட்டாருங்க, எப்ப வருவீங்க?" என்று கேட்கும் நாளும் வரும். அப்போது விலை பார்க்க நேரமில்லை, மனமும் இல்லை. இரண்டே காரியம் செய்யுங்கள். ஒன்று, பெட்டியே வேண்டாம், கைப்பை போதும். இரண்டாவது, வீட்டுக்குச் சொல்லும் நேரம் விமானம் இறங்கும் நேரமாக இருக்க வேண்டாம். வாசலில் கால் வைக்கும் நேரமாக இருக்கட்டும். அதிலும் மூன்று மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்த மணியை நம்பித்தான் ஊரும் உறவும் சடங்கை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

மறுபடியும் கல்யாண வீடு

அக்கா இரவு 9 மணிக்கு வந்து சேர்ந்தாள். அருமைக்காரர் நல்ல மனிதர். மற்றச் சீர்களை முன்னால் நடத்தி, இணைச்சீரைப் பின்னால் வைத்துக் கொண்டார். கசங்கிய உடையோடு வந்தவள் சேலை மாற்றிக் கொண்டு, தூக்கம் சொக்கும் கண்களோடு தம்பியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஆத்தா அவள் கன்னத்தைத் தடவிச் சொன்னாள்: "ஏங் கண்ணு, அடுத்த வாட்டி ரெண்டு நாள் முன்னாலயே வந்துரு."

இந்தக் கட்டுரையில் நான் இவ்வளவு நேரம் சொன்னதையெல்லாம், விமானமே ஏறாத கிழவி ஒரு வரியில் சொல்லிவிட்டாள்!