புராஜெக்ட் ஃபைல் திறக்கலையா? உள்ளே எட்டிப் பாருங்க

ஃபைல் ஃபார்மட் பற்றிய எபிசோடில் நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு விஷயம்: வீடியோ எடிட்டிங் புராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போனால் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நிம்மதி. புராஜெக்ட் ஃபைலுக்குள் பொதுவாக வீடியோ கிடையாது. எந்த கிளிப், எங்கே வெட்டினோம், அதன்மேல் என்ன எஃபெக்ட் என்ற குறிப்புகள்தான். தையல்காரரின் அளவு நோட்டு மாதிரி. நோட்டு கிழிந்தாலும் துணி பத்திரம். ஆனா நம்ம உழைப்பு முழுக்க அந்த நோட்டுலதான் இருக்கு.

அடோபி பிரீமியரின் புராஜெக்ட் ஃபைல், ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல். கேடென்லைவ் சுருக்காமலே எக்ஸ்எம்எல்லாக எழுதுகிறது, நோட்பேடிலேயே படிக்கலாம். ஃபைனல் கட் புரோ தன் லைப்ரரிக்குள் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. ஆக, எடிட்டர் திறக்க மறுத்தாலும் வேறு கருவியால் படிக்க வழி உண்டு.

ஈஸ்ட் ஹாமில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் ஆச்சு. சனிக்கிழமை டெலிவரி, வியாழன் இரவு பிரீமியர் புராஜெக்ட் திறக்கவில்லை. சேவ் ஆகும்போது டிஸ்க் நிரம்பி, ஃபைல் பாதியில் நின்றுவிட்டது. நாங்கள் செய்த வரிசை இது:

1. கெட்ட ஃபைலை முதலில் வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுத்தோம். இனி எல்லாச் சோதனையும் காப்பியில் மட்டும்.

2. ஆட்டோ-சேவ் ஃபோல்டரைப் பார்த்தோம். முந்தின நாள் வெர்ஷன் திறந்தது. திறக்காவிட்டால், புதிய புராஜெக்ட் தொடங்கி, பழையதை அதற்குள் இம்போர்ட் செய்து பார்க்கலாம். பல நேரம் இதுவே போதும்.

3. மீதி ஒரு நாள் வேலைக்காக, கெட்ட ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தோம். முதல் இரண்டு பைட் '1எஃப் 8பி' என்றால் ஜிஜிப் தலைப்பு சரி. ஃபைல் முழுக்க வெறும் பூஜ்யமாக இருந்தால் அதில் மீட்க எதுவும் இல்லை, நேரத்தை வீணாக்காதீங்க.

4. காப்பியின் கடைசிப் பெயரை '.ஜிஇசட்' என்று மாற்றி, கமாண்ட் லைனில் ஜிஜிப் கொண்டு விரித்தோம். ஃபைல் எதிர்பாராமல் முடிகிறது என்று எரர் வந்தது. ஆனால் அதுவரை விரிந்த எக்ஸ்எம்எல் கையில் கிடைத்தது. ஜிஜிப் முன்னிருந்து பின்னாக விரியும். உடைந்த இடத்துக்கு முன்னால் உள்ளது தப்பிக்கும், பின்னால் உள்ளது பெரும்பாலும் போய்விடும்.

இந்த அரைகுறை எக்ஸ்எம்எல்லை பிரீமியர் ஏற்காது. அதில் ஒவ்வொரு பொருளும் இன்னொன்றை எண்ணால் சுட்டுகிறது. வால் இல்லாததால் பல சுட்டுகள் அந்தரத்தில் நிற்கும். கையால் ஒட்டுப்போட்டு உட்காருவதைவிட, அதைக் குறிப்பேடாகப் படிப்பது வேகம். கிளிப் பெயர்களும், தொடக்க, முடிவு நேரங்களும் அதில் இருந்தன. நேரம் மட்டும் பூதாகரமான எண்ணாகத் தெரியும், பயப்படாதீங்க. பிரீமியர் ஒரு நொடியை 2,54,01,60,00,000 டிக்காகப் பிரிக்கிறது. அந்த எண்ணால் வகுத்தால் நொடி வந்துவிடும். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு 10,16,06,40,000 டிக்.

முந்தின நாள் ஆட்டோ-சேவைத் திறந்து, இந்தக் குறிப்பைப் பக்கத்தில் வைத்து, விடுபட்ட வெட்டுகளை நண்பர் மறுபடி போட்டார். கிடைக்காத பகுதியை நினைவிலிருந்து செய்தார். சனிக்கிழமை வீடியோ போய்ச் சேர்ந்தது.

அன்றே இரண்டு மாற்றம் செய்தோம். ஆட்டோ-சேவ் இப்போது வேறு டிஸ்க்கில். தினமும் வேலை முடிந்ததும், தேதி போட்ட புராஜெக்ட் காப்பி ஒன்று கிளவுடுக்குப் போகிறது. வீடியோ இல்லாததால் சில எம்பிதான், லண்டன் பிராட்பேண்டுக்கு அது பெரிய சுமை இல்லை. டாவின்சி ரிசால்வ் ஆட்களுக்கு: உங்க புராஜெக்ட் டேட்டாபேஸுக்குள் இருக்கிறது, ஃபோல்டரை காப்பி செய்தோம் என்று நம்பாதீங்க. புராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்க, லைப்ரரியை பேக்கப் எடுங்க.

எடுத்த பேக்கப்பை மாதம் ஒருமுறை திறந்தும் பாருங்க. திறக்குதான்னு தெரியாத பேக்கப்பை நம்பி டெலிவரி தேதி சொல்லாதீங்க.