அழையாமல் திறக்கும் சாளரங்கள்

கணிப்பொறியை இயக்கிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்தவுடன், நாம் கேளாமலே நான்கைந்து சாளரங்கள் திரையை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பலரும் கண்டிருப்போம். மூடினால் மூடிக்கொள்கின்றன, மறுநாள் மீண்டும் வந்து நிற்கின்றன. 'வைரஸ் புகுந்துவிட்டது' என்று மாணாக்கர் உடனே தீர்ப்புக் கூறுவர். சிலர் இயங்குதளத்தையே அழித்துப் புதிதாக நிறுவவும் முற்படுவர். பெரும்பாலும் இந்த அச்சமும் இந்த உழைப்பும் வேண்டாதவை. முன்பொரு நாள் யாரோ இட்ட ஆணையைக் கணிப்பொறி இன்றளவும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

ஆற்றல் குறைந்த பழைய கணிப்பொறிகளில் லினக்ஸுடன் பெரிதும் பயன்படும் எக்ஸ்எஃப்சிஇ என்னும் திரைச்சூழலை ஈண்டுச் சான்றாகக் கொள்வோம். அதில் வெளியேறும்பொழுது தோன்றும் பெட்டியின் அடியில் 'சேவ் செஷன் ஃபார் ஃப்யூச்சர் லாகின்ஸ்' என்றொரு தொடரும், அதனருகே குறியிடுவதற்கு ஒரு சிறு கட்டமும் உண்டு. 'இந்த அமர்வை இனி நுழையும் வேளைகளுக்காகச் சேமித்து வை' என்பது அதன் பொருள். 'சேவ்' என்ற சொல்லைக் கண்டதும், தட்டச்சு செய்த கட்டுரை பத்திரமாகிவிடும் என்றெண்ணிக் குறியிடுவோர் உளர். கட்டுரையை அதற்குரிய நிரலில் தனியே சேமித்தாக வேண்டும். இக்கட்டமோ எந்தெந்த நிரல்கள் திறந்திருந்தன என்பதை மட்டுமே குறித்துவைப்பது.

குறித்துவைக்கும் பணியைச் செய்வது அமர்வு மேலாளர் என்னும் நிரல். நாம் வெளியேறும்பொழுது அது திறந்துள்ள ஒவ்வொரு நிரலையும் வினவுகிறது. 'என்னை மீண்டும் எழுப்ப வேண்டிய கட்டளை இது' என்று ஒவ்வொன்றும் விடை தருகிறது. விடைகளெல்லாம் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் மறைவாக ஓரிடத்தில் எழுதப்படுகின்றன. மறுமுறை நுழைகையில் அந்த ஏட்டைப் படித்து ஒவ்வொன்றாக எழுப்புகிறது. இவ்வினா விடைக்கான நெறிமுறை 1994ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸ்11 சாளர முறையின் ஆறாம் வெளியீட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. எல்லா நிரல்களும் இந்நெறியை அறிந்தவை அல்ல. அறியாதவை ஏட்டில் ஏறுவதில்லை. ஐந்து சாளரங்களில் மூன்று மட்டும் திரும்பி வந்து நம்மைக் குழப்புவது இதனாலேயே.

இனி, பலரும் இடறும் இடத்திற்கு வருவோம். சாளரங்களின் தொல்லை பொறாது, அடுத்த முறை வெளியேறுகையில் அக்குறியை நீக்கிவிடுகிறோம். ஆயினும் மறுநாள் அவை வந்துவிடுகின்றன. 'சேமிக்காதே' என்பது வேறு, 'சேமித்ததை அழி' என்பது வேறு. இலக்கணம் பயிலும் நமக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குறியை நீக்கினால் இன்றைய அமர்வு எழுதப்படாது. முன்பு எழுதிய ஏடோ அழியாமல் கிடக்கும். நுழையுந்தோறும் கணிப்பொறி அந்தப் பழைய ஏட்டையே படிக்கும். என்றோ ஒரு திங்கட்கிழமை திறந்திருந்த சாளரங்கள் மாதக்கணக்கில் நம்மைத் தொடர்ந்து வருவது இவ்வாறுதான்.

ஆகவே தீர்வு இரண்டு படிகளை உடையது. முதலில் அமைப்புகளுள் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்டப்' என்னும் பகுதியைத் திறந்து, சேமித்த அமர்வுகளை அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியேறுகையில் தானாகவே சேமிக்கும்படி அங்கே குறியிடப்பட்டிருப்பின் அதனையும் நீக்குக. பின்னர் வெளியேறும் பெட்டியிலும் குறி இல்லாதிருத்தல் வேண்டும். இரண்டாவதை மறந்தால் புதிய ஏடு ஒன்று உருவாகி, பழைய கதை மீண்டும் தொடங்கும்.

இது வெறும் எரிச்சல் மட்டுமாயின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. துறைக்கு ஒரே கணிப்பொறி, அதற்கு ஒரே பயனர் பெயர், ஆசிரியரும் மாணாக்கரும் அதனையே ஆளுதல் என்னும் நிலையை எண்ணிப் பார்ப்போம். ஆசிரியர் ஒருவர் அகமதிப்பீட்டுக் கோப்புறையைத் திறந்து வைத்தபடியே குறியிட்டு வெளியேறுகிறார். மறுநாள் வகுப்பில் வீழ்த்தியுடன் அதே கணிப்பொறியை இணைத்தால், வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் அடங்கிய அக்கோப்புறை வகுப்பறைச் சுவரில் தானாக விரியும். தேறாத மாணவி ஒருத்தி தன் நிலையை எழுபது பேருடன் சேர்ந்து அறிய நேர்வது முறையாகுமா? ஒவ்வொருவருக்கும் தனிப்பயனர் பெயர் அமைத்துவிட்டால் ஒருவர் ஏடு மற்றவருக்குத் திறவாது. இதற்குச் செலவொன்றுமில்லை, செய்யத்தான் ஆளில்லை.

தம் வீட்டில் தனிக் கணிப்பொறி வைத்து ஆய்வு செய்வோர்க்கு இதே வசதி பெருந்துணை. அகராதியும் மூலநூலும் குறிப்பேடும் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். மேக் கணிப்பொறிகளில் 2011ஆம் ஆண்டின் லயன் பதிப்பு முதல், மறுமுறை நுழைகையில் சாளரங்களைத் திறக்கலாமா என்று கேட்கும் கட்டம் உண்டு. கேடிஇ திரைச்சூழலில் முந்தைய அமர்வா, நாமே சேமித்த அமர்வா, வெற்று அமர்வா என்று தேர்ந்துகொள்ளலாம்.

ஏட்டை அழித்த பின்னும் ஏதேனும் ஒரு சாளரம் விடாது தோன்றுமாயின், அது அமர்வைச் சார்ந்ததன்று. தொடக்கத்தில் தானே இயங்க வேண்டிய நிரல்களின் பட்டியலில் அதன் பெயர் சேர்ந்திருக்கும். 'ஆட்டோஸ்டார்ட்' என்ற தலைப்பில் அப்பட்டியலும் மேற்சொன்ன பகுதியிலேயே உள்ளது. பெயருக்கு எதிரேயுள்ள குறியை எடுத்துவிட்டால் போதும்.