கணையத்தை 'அமுக்கிப் பார்க்கும்' ஸ்கேன்: நீலம் தெரிந்தால் பயப்படணுமா?

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் தக்காளி வாங்கும்போது என்ன செய்வீங்க? லேசாக அமுக்கிப் பார்ப்பீங்க. காயா, கனிந்ததா என்று விரலே சொல்லிவிடும். வயிற்றுக்குள் இருக்கும் கணையத்தையும் இப்படிப் பார்க்க ஒரு பரிசோதனை இருக்கிறது. பெயர், எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் எலாஸ்டோகிராபி.

ஏன் வாய் வழியாக?

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் குடல் வாயு அதை மறைத்துவிடும். அதனால், நுனியில் கேமராவும் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியும் உள்ள குழாயை மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாக இரைப்பைக்குள் செலுத்துகிறார்கள். அங்கிருந்து கணையம் மிக அருகில்.

எப்படி அளக்கிறது?

பக்கத்து ரத்தக்குழாயின் துடிப்பே கணையத்தை லேசாக அமுக்கும். மெதுவான திசு அதிகம் நசுங்கும்; கெட்டியானது நசுங்காது. அந்த வித்தியாசத்தைக் கருவி நிறமாகக் காட்டும். வழக்கமாக சிவப்பு என்றால் மெது, பச்சை நடுத்தரம், நீலம் கெட்டி. கட்டியையும் பக்கத்துத் திசுவையும் ஒப்பிட்டு ஓர் எண்ணும் தரும். பிரான்சின் மார்செய் நகர மருத்துவர்கள் இந்த முறையில் கிடைத்த முதல் அனுபவங்களை 2006-இல் வெளியிட்டார்கள்.

நீலம் என்றால் புற்றுநோயா?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க. நாள்பட்ட கணைய அழற்சியிலும் திசு தழும்பேறி, கல் படிந்து கெட்டியாகும். மது தொடாதவர்களுக்கும் இளம் வயதிலேயே வரும் ஒரு வகை அழற்சி, கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் நீண்ட காலமாக அறியப்பட்டதுதான். கட்டி மெதுவாக இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு குறைவு. கெட்டியாக இருந்தால், அதை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது. ஊசியால் துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் பதில் சொல்லும். "ஊசி குத்தினா பரவிடும்" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போட வேண்டாம்; அப்படி நடப்பது மிக அரிது. தாமதம்தான் பெரிய ஆபத்து.

போகும் முன்

• எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
• ரத்தம் உறையாமல் இருக்கவோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.
• துணைக்கு ஒருவர் வரட்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது.
• பழைய ஸ்கேன் அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள்.

செலவுக்கு வழி

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். இந்தப் பரிசோதனை அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். சந்தேகமா? 104-ஐ அழையுங்கள்.

முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, காரணமில்லாத எடை குறைவு, திடீரென வந்த சர்க்கரை நோய் – இதில் எது இருந்தாலும் "வாய்வுப் பிடிப்புதானே" என்று விட்டுவிடாதீங்க. திருச்சி சாலையில் உள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலோ உடனே காட்டுங்கள்.